அது திருகாணி, இது ஓட்டை

கம்பஸைக் காலவரையின்றி மூடிவிட்டார்கள் என்று பெட்டியோடு ஊருக்கு வந்த நாளில்தான் என் அப்பாவைக் கள்ளன் என்று சொல்வதைக் கேட்டேன். கொழும்பு பஸ்ஸிலிருந்து பாலாவிச் சந்தியில் இறங்கி, எங்கள் ஊர் எத்தாளைக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே பெற்றோல் செட்டில், அப்பா டிரைவராக ஓட்டுகிற முதலாளியின் கார் பம்புக்கு இரண்டு வாகனம் பின்னால் செத்து நின்றது. மீன் லொறி, சீமெந்து லொறி, ஒரு பஸ், எல்லாம் பின்னால் ஹோர்ன் அடித்தன. பம்படியில் மீசைக்காரத் தொழிலாளி ஒருவர் குழாயைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி பின் சீற்றிலிருந்து இறங்கிவந்து, கையைக் கட்டிக்கொண்டு, செட் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பெற்றோலை எடுத்துப்போட்டு மண்ணெண்ணெயைக் கலந்தா கார் எப்பிடியடா ஓடும்? கடலை விட்டு ஆறு வருசம். மண்ணெண்ணெய்ப் புத்தி மட்டும் போகல்ல உனக்கு."

அப்பா, "இல்ல முதலாளி" என்றார். அவ்வளவுதான். முதலாளி அப்பாவைவிட எட்டு வயது இளையவர்.

எங்கள் கரையில் மண்ணெண்ணெய் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். போட் எஞ்சின் ஓடுவது அதில்தான். மீன்பிடிக்காரன் வீட்டில் சட்டை, பாய், பாண், எல்லாவற்றிலும் அந்த மணம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு. ஆகவே அந்தச் சொல் என் அப்பாவுக்கு மட்டும் சொன்னதாக எனக்குப் படவில்லை. என் வீட்டில் முதன்முதலாக எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான். தாண்டியபின்னும் அந்த மணம் என்மேல்தான் இருக்கிறது என்று அவர் சொன்னது போல இருந்தது. பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போனேன். அப்பா என்னைக் கண்டதும் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்னும் என்மேல் எனக்குக் கோபம்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதைப்போல் ஒன்றரை மடங்கு வயதான இங்கிலிஷ் கார். நீளமாக, பதிவாக, வெள்ளையாக இருக்கும். சண்டை முடிந்து கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கியதும் முதலாளி தன் தென்னந்தோட்டத்தில் நாலு அறை கட்டி, அவர்களை ஏற்றி இறக்க அதை வாங்கினார். கலியாணங்களுக்கும் கொடுப்பார். அதற்குப் பெற்றோல் டேங்கி இரண்டு. பின்பக்கம் இடது சிறகில் ஒன்று, வலது சிறகில் ஒன்று. இரண்டுக்கும் வேறு வேறு மூடி. டாஷ்போட்டில் உள்ள சுவிச்சைத் தட்டினால் இந்த டேங்கியிலிருந்து அந்த டேங்கிக்கு மாறலாம்.

மாறலாம் என்பது கார் செய்தவர்களின் எண்ணம். முதலாளியின் சட்டம் வேறு. இடது டேங்கி டிரைவருக்கு, வலது டேங்கி தனக்கு. சண்டைக் காலத்தில் எண்ணெய்க்குத் தவித்த பழக்கத்தில், ஆபத்துக்கு என்று அதைப் பாதி நிரப்பிப் பூட்டி, மூடியின் திறப்பைச் சாவிக்கொத்தோடு தன் இடுப்பில் வைத்திருந்தார். சுவிச்சின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. வலது டேங்கியின் மீற்றர் முள் எப்போதோ செத்துப் பாதியிலேயே நின்றது. இடது டேங்கிக்கு மட்டும், ஒவ்வொரு நாளும் பொழுதுபட முன்னர் அவரே வந்து மூடியைத் திறந்து, நீளமான ஈர்க்கிலை விட்டு ஈரம் எவ்வளவு என்று பார்ப்பார். ஈர்க்கில் நாளுக்கு நாள் குறைத்துக் காட்டியது. ஓடிய ஓட்டத்துக்கு அவ்வளவு குறையக் கூடாது. போதாததற்குப் பத்துப் பன்னிரண்டு மைல் ஓடியதும் கார் இருமி இருமி நின்றுவிடும். எண்ணெயும் குறைகிறது, காரும் நிற்கிறது. எடுக்கிறான், எடுத்ததை மறைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலக்கிறான். முதலாளியின் கணக்கு சுகமான கணக்கு.

அந்த ஞாயிறு முதலாளியின் மகளுக்குக் கலியாணம். பொம்பிளை அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். அதற்குள் உண்மையைச் சொல், இல்லாவிட்டால் திங்கட்கிழமை பொலிசுக்குப் போவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அன்று செவ்வாய். சண்டை முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்களைப் போன்றவர்கள் பொலிசுக்குப் போவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் முதலாளிக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ஊரில் யாருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள், அந்தத் திமிர். 'தங்கள் அடிப்படையற்ற குற்றச்சாட்டு' என்று தொடங்கினேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, நல்லா எழுதியிருக்கிறாய் என்றார். பிறகு அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொடுக்கவே இல்லை.

"நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கார் ஏன் நிக்குது எண்டு சொல்லு. நீ படிச்சவன்தானே" என்றார்.

புதன்கிழமை காரின் பெற்றோலை ஒரு போத்தல் மூடியில் எடுத்து, என் கொப்பித் தாளில் மூன்று சொட்டு விட்டேன். பக்கத்தில் எங்கள் குசினி மண்ணெண்ணெய் மூன்று சொட்டு. மண்ணெண்ணெய் விழுந்த இடம் எண்ணெய்ப்பிடித்துக் கண்ணாடி மாதிரி நின்றது. பெற்றோல் விழுந்த இடம் ஒரு தடயமும் இல்லாமல் காய்ந்துபோனது. தாளை முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்துக்குப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. தாளில் எத்தனையோ எழுதலாம், தம்பி, என்றார். அப்படியென்றால் நின்ற காரைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது.

பாலாவியில் லொறிகள் திருப்புகிற வளவுக்குப் பக்கத்தில் ஒரு பாஸின் கராஜ் இருந்தது. பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர். அவர் புத்தளத்து முஸ்லிம் ஆள், அப்பாவின் வயது, எதையும் அவசரப்படாமல் பார்ப்பார். பெற்றோல் பில்டரைக் கழற்றிக் காட்டினார், சுத்தம். பம்பைத் தட்டிக் கேட்டார், நல்ல சத்தம். காபரேட்டரைத் திறந்து ஊதி மூடினார். கார் கராஜ் வாசலில் சிங்கம் மாதிரி உறுமியது. அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வீட்டுக்குத் திரும்பினோம். பன்னிரண்டாம் மைலில், இரண்டு பக்கமும் காற்றாடி மரம் நிற்கிற இடத்தில், இருமி நின்றது.

அப்பா இறங்கிக் கதவில் சாய்ந்துகொண்டார். "கொஞ்சம் நிண்டா ஓடும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம். சிலவேளை கூட."

இரண்டு மாதமாக அந்த மனுசன் ரோட்டோரத்தில் அரை மணித்தியாலம், அரை மணித்தியாலமாக நின்றிருக்கிறார். ஏன் என்று ஒருவரையும் கேட்கவில்லை. சுவிச்சைத் தட்டுவோம், வலது டேங்கியில் ஓடட்டும் என்றேன். அது முதலாளியின் டேங்கி என்றார். டேப்பை நான் உரிக்கிறேன் என்றேன். "உரிச்சா கள்ளன் எண்டது சரியாப்போகும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவரை உலுக்க முடியாது. ஆகவே காரைச் சுற்றிப் போய், இடது டேங்கியின் மூடியைப் பிடித்துத் திருகினேன்.

வரவில்லை. யாரோ உள்ளிருந்து பிடித்திருப்பதுபோல இருந்தது. இரண்டு கையாலும் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். மூடி விலகியதும் டேங்கி மூச்சை உள்ளே இழுத்தது. தண்ணீருக்குள் கிடந்து மேலே வந்தவன் இழுக்கிற மாதிரி, நீளமாக. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

அரை மணித்தியாலம் ஆகவில்லை என்றார். பண்ணுங்க என்று கத்தினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது.

அன்றிரவு பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் திட்டிக்கொண்டு படுத்தேன். டின்பால் பேணியில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வராது. இரண்டு போட வேண்டும். அம்மாவுக்குத் தெரியும். எண்ணெய் வெளியே போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்கி தன் எண்ணெயைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் விடாது. சும்மா நின்றால் மெல்ல மெல்ல எங்கோ ஒரு இடுக்கால் காற்று கசிந்து மறுபடி ஓடும். இதைச் சமன்பாடாக எழுதி நான் புள்ளி வாங்கியிருக்கிறேன். ரோட்டில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு, காலையிலிருந்து வெயிலில் கிடந்த காரிடம் போய் அதே மூடியைத் திறந்தேன். இந்தத் தடவை அது வெளியே ஊதியது. பெற்றோல் நுரைத்து முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தேன், கோபச் சிரிப்பு. ஓடும்போது உறிஞ்சுகிறது. வெயிலில் நிற்கும்போது வீங்குகிறது, முதலாளி ஈர்க்கிலோடு வரும் பொழுதில் அடங்கிவிடுகிறது. அதற்கு மூக்கு இல்லை.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் ஊசிமுனை அளவு ஒரு துவாரம் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் தேன் நிறத்தில் ஒரு சொட்டுக் காய்ந்து மினுங்கியது. எங்கள் கரையில் பிறந்த எவனுக்கும் அதைத் தெரியும். பைபர் போட்டில் வெடிப்பு வந்தால் பூசுகிற ரெசின். அதன்மேல் ஒரு பெருவிரல் அழுத்தியிருந்தது. விரலின் குறுக்கே ஒரு கோடு. தூண்டில் நூல் அறுத்த தழும்பு. அந்தப் பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் ஒவ்வொரு பரீட்சைக்கும் அப்பா அனுப்பினார்.

அப்பாவிடம் போய் மூடியை அவர் மடியில் வைத்தேன். வலை முடிச்சுப் போடுவதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓம், நான்தான் என்றார். இரண்டு மாதத்துக்கு முன் முதலாளியின் மனைவி, பின் சீற்றில் பெற்றோல் மணக்கிறது, சீலையெல்லாம் மணக்கிறது என்று சொன்னார். அந்த மணத்தை நிப்பாட்டு என்று முதலாளி சொன்னார். அப்பா தேடினார், மூடியில் ஓட்டையைக் கண்டார், அடைத்தார். மணம் நின்றது. அன்று முதலாளி அவரைக் கெட்டிக்காரன் என்று சொன்னாராம்.

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. "போட் எண்ணெய்த் தாங்கியின்ர மூடியில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"காத்துத் திருகாணி."

"எஞ்சினை இழுக்க முந்தி அதை என்ன செய்வீங்க?"

"தளர்த்துவம். தளர்த்தாட்டி எண்ணெய் வராதே." எல்லாருக்கும் தெரிந்ததை ஏன் கேட்கிறாய் என்பது போலப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு வருசம் ஒவ்வொரு விடியவும் அதைத் தளர்த்தின ஆள் நீங்க. இதை எப்பிடி அடைச்சீங்க?"

அப்பா உண்மையிலேயே யோசித்தார். பிறகு, "அது திருகாணி. இது ஓட்டை" என்றார்.

திருகாணி ஒருவன் வேண்டுமென்று வைத்தது, திறக்கவும் மூடவும். ஓட்டை கடல் போட்டது. ஓட்டையைக் கண்டு அடைக்காமல் விட்ட எவனும் எங்கள் ஊரில் கிழவனாகவில்லை. அப்பா அடைத்தது பிழை என்றால், அவரை உயிரோடு வைத்திருந்த புத்திதான் பிழை.

ஆனால் கார் நிற்பதற்குக் காரணம் கிடைத்ததே தவிர, எண்ணெய் எங்கே போனது என்பதற்குக் கிடைக்கவில்லை. கள்ளன் என்ற சொல் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை பாஸிடம் போனோம். ரெசினை ஊசியால் குடைந்து எடுத்தேன். பாஸ் காருக்குக் கீழே படுத்து, இரண்டு டேங்கியின் குழாயும் வந்து சேர்கிற இடத்தில் இருந்த வால்வைக் கழற்றி, என் வாயில் வைத்து ஊதச் சொன்னார். இடது டேங்கிப் பக்கமிருந்து ஊதினேன், காற்று போனது. வலது டேங்கிப் பக்கமிருந்து ஊதினேன், போகவில்லை. இரண்டு பக்கமும் போகக் கூடாது, ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது என்றார். வெயிலில் இடது டேங்கி வீங்கும், வெளியே விட வழியில்லை, எண்ணெயைத் தேய்ந்த பக்கத்தால் தள்ளும். போனது திரும்பி வராது.

"எண்ணெய் களவு போகல்ல, மகன்" என்றார். "வூடு மாறியிரிக்கி."

போன வீடு வலது டேங்கி. முதலாளியின் டேங்கி. அவர் பூட்டி, திறப்பை இடுப்பில் வைத்திருந்த டேங்கி.

உடனே முதலாளி வீட்டு முற்றத்தில் போய் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. பாஸ்தான் மறித்தார். மூடியை யார் அடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றார். ரோட்டுத் தூசி, உப்பளக் காற்று, பழைய கார், தானாக அடைபட்டது என்று சொல்வோம் என்று நானும் அவரும் முடிவுசெய்தோம். கள்ளன் என்ற பேரை அழித்துவிட்டு மடையன் என்ற பேரை வாங்கித்தர நான் படிக்கவில்லை. அப்பா பக்கத்தில் மரவாங்கில் குந்தியிருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அப்பா முதலாளியிடம் போய், கார் சரி, எண்ணெய் இருக்கிற இடமும் தெரியும், ஆனால் பாலாவிச் செட்டில் வைத்துத்தான் காட்டுவேன், திறப்பைக் கொண்டு வாங்க என்று சொன்னார். ஏன் அங்கே என்று முதலாளி கேட்டிருக்கிறார். "அங்கதான் சொன்னீங்க" என்றாராம். கலியாணத்துக்குக் கார் வேண்டும். வந்தார். வழியில் கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. காற்றாடி மரங்களைத் தாண்டும்போது நான் மைல்கணக்கைப் பார்த்தேன், அப்பா பார்க்கவில்லை.

செட்டில் அதே பம்ப், அதே மீசைக்காரத் தொழிலாளி. சனிக்கிழமை என்பதால் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. முதலாளி வலது மூடியைத் திறந்தார். பாதிதான் இருக்க வேண்டிய டேங்கி கழுத்து வரைக்கும் நிறைந்து, கார் சாய்ந்து நின்றதால் பெற்றோல் மினுங்கிக்கொண்டு விளிம்பால் வழிந்தது. அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் சொட்டியது. வால்வு, வீக்கம், காற்று எல்லாவற்றையும் நான் சொன்னேன். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"ஓட்டை எப்பிடி அடைபட்டது?"

"தூசி..." என்று தொடங்கினேன்.

"நான் அடைச்சன், முதலாளி" என்றார் அப்பா. "ரெசின் வச்சு."

முதலாளி சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காரைப் போட் எண்டு நினைச்சிட்டான், நல்லகாலம், நாளைக்குப் பொம்பிளையைக் கடல்ல இறக்கியிருப்பான் என்றார். பம்ப்காரர் சிரித்தார். லொறிக்காரர் சிரித்தார். மணத்தை நிப்பாட்டச் சொன்னது யார் என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். நான் அதை உதறினேன். ஆனால் அவர் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"ஓட்டையை அடைச்சது நான். அதுக்குச் சிரிங்க" என்றார். "எண்ணெய் எடுத்தது நான் இல்ல. அதையும் சொல்லுங்க."

"அதான் தெரிஞ்சு போச்சே" என்றார் முதலாளி.

"தெரிஞ்சது சரி. சொல்லுங்க."

முதலாளி காரில் ஏறி இருந்தார். அப்பா ஏறவில்லை. கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார். பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமை அடித்த அதே ஹோர்ன்கள். அன்று அப்பா குனிந்து நின்றார், இன்று நிமிர்ந்து நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம். கார் ஒரு அங்குலம் நகரவில்லை. கடைசியில் முதலாளி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, நீ எடுக்கல்ல, சரியா, என்றார். செவ்வாய்க்கிழமை செட் முழுக்கக் கேட்ட குரல் இப்போது பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

மீசைக்காரத் தொழிலாளி குழாயைப் பிடித்தபடி, என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் வரிசைப் பக்கம் திரும்பி, முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில், மீன் ஏலம் கூறுகிற குரலில் கத்தினார்: "எடுக்கல்லையாம்! கத்தே நேலு!" வரிசையின் கடைசியிலிருந்து யாரோ, அப்ப வழியை விடுங்கோ என்றார்கள்.

அப்பா ஏறிக் காரை எடுத்தார்.

மறுநாள் பொம்பிளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனதும் அவர்தான். பெற்றோல் மணம் கொஞ்சம் வந்திருக்கும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்தக் காரையே ஓட்டினார். விட்டுவிடுங்கள் என்று நான் சண்டை பிடித்தபோதெல்லாம், கார் இப்ப நல்லா ஓடுது என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. சுவிச்சில் டேப் அப்படியே இருந்தது. வலது டேங்கியின் திறப்பும் அந்த இடுப்பிலேயே இருந்தது. மாறியது ஈர்க்கில் மட்டும்தான். அதை முதலாளி பிறகு கொண்டுவரவில்லை.

மண்ணெண்ணெய் என்று எங்களை இப்போது ஒருவரும் சொல்வதில்லை. அந்தச் சனிக்கிழமை செட்டில் நின்ற யாரோ ஊருக்குக் கொண்டுவந்த வேறு பேர் வந்துவிட்டது. 'ரெசின்.' சந்தியில் பகிடியாகக் கூப்பிடுவார்கள், கெட்ட எண்ணத்தோடு அல்ல. அப்பா திரும்பிப் பார்த்து, ஓம், சொல்லு என்பார். என்னையும் ரெசின்ர மகன் என்று கூப்பிடுவார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.